பதின்மூன்றுக்குள் ஒரு மூன்று

புத்தகம் என் கைக்கு வந்தபோது ஒரு ரப்பர் பேண்டுதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரப்பரைக் கழற்றியதும் முதுகு மூன்றாகப் பிளந்து, பதினான்கு தாள்கள் மேசைமேல் சரிந்தன. அவற்றில் இரண்டில் செல்லோடேப் ஒட்டி, அது பழுத்து மஞ்சளாகிக் கிடந்தது.

"சித்தி, இதை எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்க. புதுசு வாங்கிக்கோன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள் அக்கா மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நான்கு வருடமாக இதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறாள். மேசையில் நிமிர்த்தி வைத்துக் கையை எடுத்தால் புத்தகம் தானாக ஒரே இடத்தில் திறந்தது, கடைசிக்குச் சற்று முன்னால். முதுகு அங்கேதான் ஆழமாக வெடித்திருந்தது. எந்தப் பக்கத்தை அதிகம் படித்தாள் என்று அவளிடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

கிரெஸ்லி கோல் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'ஆர்கானா குரோனிக்கிள்ஸ்' வரிசையில் முதல் புத்தகம் இது. 'பாய்ஸன் பிரின்சஸ்', 2012-இல் வந்தது. லூசியானாவில் கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய வீடு, அங்கே ஈவி என்று ஒரு பதினாறு வயதுப் பெண். அவளுக்கு ஏதேதோ காட்சிகள் தெரிகின்றன, அவற்றையெல்லாம் ஒரு நோட்டில் வரைந்து வைக்கிறாள். அதனாலேயே ஒரு கோடை முழுக்க மனநல மையத்தில் அடைத்து வைக்கப்பட்டு வீடு திரும்பியிருக்கிறாள். அப்புறம் ஒரே இரவில் வானம் எரிந்து உலகம் சாம்பலாகிறது. மிஞ்சியவர்களுக்குள் 22 பேர், ஜோசியம் பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டின் 22 பெரிய சீட்டுகளாகப் பிறந்தவர்கள். ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரை ஒருவர் கொல்ல வேண்டும் என்பது அவர்கள்மேல் விழுந்த விதி. ஈவி மூன்றாம் சீட்டு, பேரரசி. கொடியும் முள்ளும் விஷமும் அவள் சொன்னபடி கேட்கும். பதின்மூன்றாம் சீட்டு மரணம். கறுப்புக் கவசம் போட்டு வெளிர்நிறக் குதிரையில் வருகிறவன், இரண்டாயிரம் வருடமாக முந்தைய ஆட்டங்களை ஜெயித்து உயிரோடிருக்கிறவன். அவன் தோல் யார்மேல் பட்டாலும் அவர்கள் சாவார்கள், பேரரசி ஒருத்தியைத் தவிர. இருட்டான கதைதான். ஆனால் அக்கா மகளுக்கு இது முதலில் காதல் கதை, மற்றதெல்லாம் அப்புறம்.

அப்பா மதுரையில் பைண்டிங் பட்டறை வைத்திருந்தார். கணக்குப் பேரேடு, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு, வக்கீல் வீட்டுச் சட்டப் புத்தகங்கள் என்று எல்லாம் வரும். பட்டறை இப்போது இல்லை. அவருடைய திருகுப் பிரஸ்ஸும் எலும்பு மடிப்பானும் ஒரு சின்ன ரம்பமும் என்னிடம் இருக்கின்றன. காலிக்கோ என்ற பைண்டிங் துணியில் அரைக்கட்டு, முழுக்கட்டு இரண்டும் கட்டத் தெரியும். ஆனால் ஒரு நாவலுக்கு, அதுவும் ஒரு பெண் இவ்வளவு நேசித்துப் படித்த நாவலுக்கு, அட்டையையும் நானே யோசித்துச் செதுக்கியது இதுதான் முதல் தடவை. ஒன்பது நாள் ஆனது. என்ன செய்தேன், எங்கே தப்பு விட்டேன், எப்படித் திருத்தினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் நோயைப் பார்க்க வேண்டும். இந்த மாதிரிப் புத்தகங்களில் தாள்களைத் தைப்பதில்லை. ஒற்றைத் தாள்களாக அடுக்கி, முதுகை அரம் போட்டுச் சொரசொரப்பாக்கி, உருக்கிய பசையைத் தடவி, அட்டையைப் போர்த்திவிடுவார்கள். சூட்டில் உருகி, ஆறினதும் இறுகும் பசை அது. வருடங்கள் போகப் போக அது விறைத்து, விரிக்கும்போது மெழுகுபோலப் பிளந்துவிடும். பிளந்த இடத்தில் மட்டும் பசை ஊற்றினால் அந்த இடம் பிடிக்கும், பக்கத்தில் இன்னொரு இடம் வெடிக்கும். ஆகவே பழைய பசையை முழுக்க எடுத்துவிட்டு, முதுகைப் புதிதாகக் கட்டுவது என்று முடிவெடுத்தேன்.

அட்டையை மெல்லக் கழற்றித் தனியே எடுத்து வைத்தேன். முதுகின்மேல் பட்டர் பேப்பரைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் பத்து விநாடி வைத்து எடுத்தேன். பசை இளகியது. கட்டை விரலால் உருட்டினால் பழுத்த பலாப்பழத்தின் பால்போலத் திரண்டு வந்தது. ஒரு விரற்கடை நீளம் சூடு, ஒரு விரற்கடை உரிப்பு, இப்படியே மேலிருந்து கீழ்வரை வந்தேன். அவசரப்பட்டுக் கூடுதலாகச் சூடு வைத்தால் பசை தாளுக்குள் இறங்கிவிடும். மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்து, நார் வெளியே தெரியும்படி செய்தேன். மூன்று மில்லிமீட்டர் அகலம் போனது. உள் ஓரத்தில் இருந்ததே கொஞ்சம் வெள்ளைதான், அதனால் அந்த மூன்று மில்லிமீட்டர் எனக்கு வலித்தது.

செல்லோடேப் வேறு மாதிரித் தொந்தரவு. முடி உலர்த்தும் டிரையரை எட்டிப் பிடித்து, இதமான காற்றில் இளக்கி, சவர பிளேடைத் தாளோடு தாளாகப் படுக்க வைத்து நகர்த்தினேன். பிளாஸ்டிக் வந்துவிட்டது. பசையின் பிசுக்கை ரப்பரால் உருட்டி எடுத்தேன். மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. போக வைக்க வேண்டுமென்று நான் முயலவும் இல்லை.

தாள்களை வரிசைப்படுத்தும்போதே படிக்க ஆரம்பித்தேன். பக்க எண் பார்த்து அடுக்குவதற்காக உட்கார்ந்தவள், இரவு பதினொரு மணிவரை எழுந்திருக்கவில்லை. முதல் பாதி எனக்கு மெதுவாகத்தான் போனது. பள்ளி, தோழி, பிறந்தநாள் விருந்து என்று நீள்கிறது. உலகம் எரிந்ததும் கதைக்கு உயிர் வருகிறது. கதையைச் சுற்றி இன்னொரு கதையும் இருக்கிறது. ஆர்தர் என்ற ஓர் ஆள் ஈவியைத் தன் வீட்டுக்குள் உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்து, அவள் கதையைக் கேட்கிறான். அவன் கொடுத்ததில் மருந்து கலந்திருக்கிறது என்று நமக்கு முன்பே தெரியும். பயந்த பெண் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று அவன் நினைக்கிறான். தான் யார் என்பதை இத்தனை பக்கமாக மறுத்து வந்தவள், கடைசியில் அவன் எதிரே அதை ஒப்புக்கொள்கிறாள். புத்தகம் தானாகத் திறந்த இடம் அந்தப் பகுதிதான்.

மறுநாள் அக்கா மகளிடம் போனில் கேட்டேன். "ரெண்டாவது புத்தகத்துல அந்த மரணம் இவளைச் சிறை வைக்கிறானாமே. அதெப்படிம்மா காதல்?"

"அது தப்புன்னு இவளுக்கும் தெரியும் சித்தி. முந்தின பிறவியில இவ அவனுக்குப் பண்ணின துரோகமும் இருக்கு. ரெண்டு பேருமே எதையும் மறக்கல. மன்னிக்கிறதுக்கு எத்தனை புத்தகம் ஆகுதுன்னு பாருங்க" என்றாள். அந்தப் பதிலில் அவள்மேல் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. கண்மூடித்தனமாகப் படிக்கிற பெண் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். ஒற்றைத் தாள்களைக் கட்ட அப்பா காலத்து வழி குத்துத் தையல். ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி ஊசியால் குத்தி, நூல் கோத்து இறுக்குவது. ஆயுசுக்கும் பிரியாது. ஆனால் புத்தகம் முழுசாக விரியாது, உள் ஓரத்து எழுத்தையும் தின்றுவிடும். பதிவேட்டுக்கு அது சரி, மடியில் வைத்துப் படிக்கும் நாவலுக்கு ஆகாது. அதனால் விசிறி ஒட்டு போட்டேன்.

விசிறி ஒட்டு பார்க்க எளிது, கை பழக வேண்டும். தாள்களை நன்றாகத் தட்டிச் சமப்படுத்தி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, முதுகுப் பக்கம் நாலு விரல் வெளியே நிற்கும்படி இறுக்கினேன். வெளியே நிற்கும் பகுதியை இடது கையால் ஒரு பக்கமாக வளைத்தால் தாள்கள் விசிறிபோலச் சரிந்து, ஒவ்வொன்றின் ஓரமும் ஒரு மயிரிழை அகலத்துக்குத் தெரியும். அதன்மேல் வெள்ளைப் பசையை நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் பிரஷ்ஷால் இழுக்க வேண்டும். உடனே மறுபக்கம் வளைத்து அங்கேயும் தடவ வேண்டும். விட்டதும் முதுகு நேராகும். அப்போது ஒவ்வொரு தாளும் தன் பக்கத்துத் தாளோடு மயிரிழை அகலம் ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகில் மட்டும் ஒட்டிய பழைய ஒட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் அந்த மயிரிழைதான்.

தச்சர்கள் பயன்படுத்தும் அந்த வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் வளையும், அதனால்தான் முதுகுக்கு அதை எடுத்தேன். அப்பா மைதாப் பசைதான் காய்ச்சுவார். இராமபாணப் பூச்சியும் கரப்பானும் அண்டாமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார். நீலமாக, கண்ணாடிக் கல்போல இருக்கும். அது விஷம். சின்ன வயதில் அந்த டப்பாவை எடுக்கப் போனதற்காக ஒரே ஒரு தடவை அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். விஷ இளவரசியின் கதையைக் கட்டும்போது அந்த நீலம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. இதில் மயில்துத்தம் சேர்க்கவில்லை. அக்கா மகள் படுக்கையில் வைத்துப் படிக்கிறவள், பக்கம் புரட்ட விரலை நாக்கில் வைக்கிற பழக்கமும் உண்டு.

ஒரு ராத்திரி காய்ந்ததும், முதுகின் குறுக்கே ஐந்து இடத்தில் ரம்பத்தால் மெல்லக் கீறி, பசையில் நனைத்த பருத்தி நூலைக் கீறலுக்குள் அழுத்தினேன். மேலே மல் துணி, இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி. இந்த நீட்டல்தான் பிறகு அட்டையோடு புத்தகத்தைப் பிடித்து நிற்கும். முன்னும் பின்னும் கெட்டியான மடித்த தாள் ஒவ்வொன்று ஒட்டினேன். திருகுப் பிரஸ்ஸில் வைத்து மூடி, அதை நான் தொடாமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் அட்டை. தாள்கட்டு 210 உயரம், 137 அகலம், 25 கனம், எல்லாம் மில்லிமீட்டரில். மேலும் கீழும் மூன்று மூன்று சேர்த்து 216 உயரம், 133 அகலம் என்று இரண்டரை மில்லிமீட்டர் கிரே போர்டில், அதாவது பைண்டிங்குக்கான கெட்டி அட்டையில், இரண்டு துண்டு வெட்டினேன். முதுகுப் பட்டை 30. பட்டைக்கும் அட்டைக்கும் நடுவே ஏழு மில்லிமீட்டர் இடைவெளி, திறந்து மூட அதுதான் கீல்.

இங்கேதான் முதல் தப்பு. வீட்டில் ஒரே ஒரு போர்டு மிச்சமிருந்தது. அதை நிமிர்த்தி வைத்தால் இரண்டு துண்டு வராது, படுக்கப் போட்டால் வரும். படுக்கப் போட்டு வெட்டிவிட்டேன். காகிதமோ போர்டோ எதுவானாலும் அதற்குள் நார் ஒரு திசையில் ஓடும். அந்தத் திசை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். ஈரம் பட்டால் நார் நீளவாக்கில் நீளாது, அகலவாக்கில் ஊதும். காயும்போது சுருங்கி இழுக்கும். தாளின் நார் ஒரு பக்கமும் போர்டின் நார் ஒரு பக்கமும் இருந்தால் ஒன்றை ஒன்று இழுத்து முறுக்கிவிடும். இது அப்பா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு அட்டையும் படகுபோல வளைந்து நின்றன. எடை வைத்துப் பார்த்தேன், எடுத்ததும் மறுபடி வளைந்தது. புது போர்டு வாங்கி, கையில் வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் சுலபமாக மடங்குகிறதோ அந்த மடிப்புக்கோடு முதுகோடு சேர்ந்து ஓடும்படி மறுபடி வெட்டினேன். ஒரு நாள் போனது, ஒரு முழத் துணியும் போனது.

முதுகுக்குக் கறுப்புக் காலிக்கோ. இரண்டு பக்கத்துக்கும் கையால் செய்த வெளிர்மஞ்சள் காகிதம், அதன்மேல் லினோ அச்சு, அதாவது லினோ என்ற மெத்தென்ற தகட்டில் செதுக்கி எடுக்கும் அச்சு. கைக்காகிதத்தில் நார் எல்லாப் பக்கமும் கலைந்து கிடப்பதால் அது போர்டை அவ்வளவாக முறுக்காது. முன்னட்டையில் பேரரசி, பின்னட்டையில் மரணம் என்று மனதில் தீர்மானித்திருந்தேன்.

படத்துக்கு முன்மாதிரி வேண்டுமே. டாரட் சீட்டுகள் பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் பிறந்தவை. மிலான் பிரபுக்களுக்காகத் தங்க முலாம் பூசி வரைந்த விஸ்கோந்தி ஸ்ஃபோர்சா கட்டில் 74 சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் இது வெறும் சீட்டாட்டம். ஜோசியம், ரகசிய ஞானம் என்பதெல்லாம் பின்னால் வந்தது. 1781-இல் பாரிஸில் கூர் த ஜெபலின் என்பவர் இது பழைய எகிப்தியரின் புத்தகம் என்று எழுதியது அதற்குப் பெரிய தொடக்கம். ஆட்டத்தின் விதி எளிது. 22 பெரிய சீட்டுகளில் கோமாளி ஒன்றைத் தவிர மற்ற 21-உம் துருப்பு. எண் பெரிய துருப்பு எண் சின்ன துருப்பை வெட்டும். அதாவது பதின்மூன்று மூன்றை வெட்டிவிடும். மரணம் பேரரசியை எடுத்துக்கொள்ளும், அதில் பேச்சே இல்லை. இந்தக் கதையிலோ மரணத்தால் வெட்ட முடியாத ஒரே சீட்டு அந்த மூன்றுதான். ஆட்ட விதியை அறிந்துதான் எழுத்தாளர் இப்படி வைத்தாரா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் விதி தெரிந்து படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நான் எடுத்துக்கொண்ட முன்மாதிரி 1909-இல் லண்டனில் ரைடர் என்ற பதிப்பாளர் வெளியிட்ட கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். இன்று உலகம் டாரட் என்றதும் நினைப்பது இந்தப் பெண் வரைந்த படங்களைத்தான். ஆனால் நெடுங்காலம் அந்தக் கட்டு பதிப்பாளர் பேரிலும் வெயிட் பேரிலும்தான் அறியப்பட்டது. பெரிய வேலை, மிகக் குறைந்த காசு என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1951-இல் கார்ன்வாலில் கடனோடுதான் இறந்தார். சீட்டின் மூலையில் பாம்பு சுருண்டதுபோலத் தன் எழுத்துகளைப் பின்னிப் போட்டிருக்கிறார், உற்றுப் பார்த்தால் தெரியும். இறந்து 60 வருடம் தாண்டிவிட்டதால் நம் நாட்டுச் சட்டப்படி அந்தப் படங்கள் இப்போது பொதுச்சொத்து. இருந்தாலும் நகலெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கோட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கதைக்கு ஏற்ப மாற்றினேன். தடித்த வெளிக்கோடு, உள்ளே அளவான நிழல் என்று அவர் வரைந்த விதம் லினோவுக்கென்றே சொல்லி வைத்ததுபோல இருந்தது.

ஸ்மித்தின் பேரரசி கோதுமை வயலில் உட்கார்ந்திருப்பாள், தலையில் பன்னிரண்டு நட்சத்திரம். நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு கோதுமையை எடுத்துவிட்டேன். ஈவி கரும்புக்கு நடுவே வளர்ந்தவள். கரும்பின் கணு எப்படி இருக்கும், தோகை எப்படி உடைந்து தொங்கும் என்று நான் படம் தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போனது. மரணச் சீட்டில் வெள்ளைக் குதிரை, கறுப்புக் கொடி, கொடியில் ஐந்து இதழ் வெள்ளை ரோஜா. ரோஜாவை அப்படியே வைத்தேன். ரோஜாவும் முள்ளும் பேரரசியின் ஆயுதம். நூறு வருடத்துக்கு முன்னால் வரைந்த மரணத்தின் கொடியில் அவள் பூ ஏற்கெனவே இருக்கிறது என்பதை, செதுக்கும்போதுதான் கவனித்தேன்.

லினோவை மொட்டைமாடி வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் வெண்ணெய்போல வெட்டுப்படும். முனை கூரான கத்தியால் முதலில் கோடு, பிறகு அகலக் கத்தியால் வேண்டாத இடத்தைச் சீவி எடுப்பது. கத்தி எப்போதும் உடம்பைவிட்டு வெளியே போக வேண்டும், பிடிக்கும் கை கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும். படங்கள் நன்றாக வந்தன. எண்களைத் தனித் துண்டில் செதுக்கினேன், ரோமன் எண்ணில்.

அங்கேதான் இரண்டாவது தப்பு. அச்சுக்கட்டையில் எல்லாம் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். படத்தை டிரேசிங் பேப்பரில் திருப்பிப் போட்டு மாற்றிக்கொண்டேன். எண்தானே என்று அதை நேராகவே வெட்டிவிட்டேன். ரோமன் பதின்மூன்று என்பது ஒரு பெருக்கல் குறி, அதையடுத்து மூன்று நேர்கோடு. மை தடவி அச்செடுத்தால் மூன்று கோடு முதலில் நிற்கிறது, பெருக்கல் குறி கடைசியில். அப்படி ஓர் எண்ணே கிடையாது.

லினோ முழுசாகத் தீர்ந்துவிட்டது. புதிது வாங்க மறுபடி டவுனுக்குப் போக வேண்டும். துண்டைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருக்கல் குறி எந்தப் பக்கம் திருப்பினாலும் பெருக்கல் குறிதான். நேர்கோடும் அப்படித்தான். அப்படியானால் புதிதாக எதுவும் செதுக்க வேண்டாம். பெருக்கல் குறியைத் தனியே வெட்டி எடுத்து, மறுபக்கம் வைத்தால் போதும். ஸ்கேல் வைத்து பிளேடால் ஒரே வெட்டு. துண்டு இரண்டானது.

இடது கையில் பெருக்கல் குறி. வலது கையில் மூன்று கோடு.

மூன்று கோடு என்றால் ரோமன் மூன்று. பேரரசியின் எண். மரணத்தின் எண்ணுக்குள் அவள் எண் அப்படியே முழுசாக உட்கார்ந்திருக்கிறது. நான் வெட்டிய ஒரே வெட்டில் அவளை அவனிடமிருந்து பிரித்துக் கையில் வைத்திருந்தேன். பேரரசிக்கென்று தனியாக இன்னொரு மூன்றைச் செதுக்கி வைத்திருந்தேன், அதை எடுத்துத் தூர வைத்தேன். அது தேவையில்லை. முன்னட்டையில் இந்தத் துண்டை மட்டும் வைத்து அழுத்தினால் அவள். பின்னட்டையில் அதே துண்டோடு பெருக்கல் குறியைச் சேர்த்து அழுத்தினால் அவன். இரண்டு அட்டையிலும் அந்த மூன்று கோடும் ஒரே கட்டையிலிருந்து வந்தவை. நடுக்கோட்டின் கீழ்முனையில் கத்தி வழுக்கியதால் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது. அந்தச் சில்லு இரண்டு பக்கத்திலும் அப்படியே விழுந்திருக்கிறது. திருத்தவே கூடாது என்று விட்டுவிட்டேன்.

எண்ணெய் மையை ரோலரால் மெல்லிசாகப் பரப்பி, காகிதத்தை மேலே போட்டு, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, மை பிடிக்காத இடத்தில் மறுபடி தேய்த்தேன். ஏழு அச்செடுத்து இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் எதுவும் போடவில்லை. பிரான்சின் பழைய மார்செய் கட்டில் பதின்மூன்றாம் சீட்டுக்கு எண் மட்டும் உண்டு, பெயர் எழுதமாட்டார்கள். அந்த வழக்கத்தை இரண்டு பேருக்கும் வைத்துக்கொண்டேன். மை காய மூன்று நாள். பிறகு தேன்மெழுகைத் துணியில் எடுத்து மேலே பூசித் தேய்த்தேன், கை வியர்வை பட்டாலும் மை கலையாது.

அச்சுக் காகிதத்தைப் போர்டில் ஒட்ட மட்டும் மைதாப் பசை. வெள்ளைப் பசை சட்டென்று பிடித்துக்கொள்ளும், கோணலாக விழுந்தால் நகர்த்த முடியாது. மைதாப் பசை நகர்த்தி நேராக்க நேரம் தரும். பிறகு தாள்கட்டை அட்டைக்குள் இறக்கி, மல் துணியின் நீட்டலையும் ஓரத்தாளையும் ஒட்டி, கீலில் ஒரு பின்னல் ஊசியைப் படுக்க வைத்து அழுத்தி, பிரஸ்ஸில் ஒரு முழு நாள் வைத்தேன். பழைய அட்டையைத் தூக்கிப் போடவில்லை. அதன் முகப்பை வெட்டி, பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒட்டினேன். அதன் கீழே பென்சிலில் சின்னதாக பமீலா கோல்மன் ஸ்மித்தின் பெயரை எழுதினேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் வந்தாள். புதிதாகக் கட்டிய புத்தகத்தைப் பட்டென்று நடுவில் பிளந்துவிடக் கூடாது. முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். சொல்லிக் கொடுத்தேன். பொறுமையாகச் செய்தாள். விரித்துக் கவிழ்த்து, இரண்டு அட்டையும் ஒன்றாகத் தெரியும்படி வைத்தாள். எண்களைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விரலால் அந்தச் சில்லைத் தொட்டாள், முன்னட்டையில், பின்னட்டையில்.

"ரெண்டும் ஒரே கட்டையா சித்தி?"

"ஆமா."

அப்புறம் புத்தகத்தை நிமிர்த்தி வைத்துக் கையை எடுத்தாள். அது எங்கேயும் தானாகத் திறக்கவில்லை. எல்லாத் தாளும் ஒரே மாதிரி நின்றன. அவள் முகம் ஒரு கணம் வாடியதைப் பார்த்தேன். அந்த வெடிப்பை மூடியது நான்தான். பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாள். செல்லோடேப்பின் மஞ்சள் கறை வந்ததும் நிறுத்தினாள். அந்தப் பக்கம்தான். திண்ணைப் படியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பசை பிரஷ்ஷைக் கழுவ உள்ளே போனேன்.